மினுக்கம் நம் கண்ணை ஏன் இழுக்கிறது?

பளபளக்கும் பொருள்மேல் மனிதருக்கு ஏன் இத்தனை ஈர்ப்பு என்று கேட்டால் சில பதில்கள் உடனே வந்து விழும். "அது பெண்களின் சுபாவம்" என்பார் ஒருவர். "ஆதிமனிதன் தண்ணீர் தேடி அலைந்தானே, அந்தப் பழக்கத்தின் மிச்சம்" என்பார் இன்னொருவர். "விலை அதிகம், அதனால் பிடிக்கிறது, அவ்வளவுதான்" என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். பறவைகள்கூட மின்னுகிற பொருளைத் திருடிக் கூட்டில் சேர்க்கும் என்று ஒரு சாட்சியும் கூடவே வரும்.

இவற்றில் இரண்டை உடனே கழித்துவிடலாம். தமிழ்நாட்டில் சில தலைமுறைகளுக்கு முன்புவரை ஆண்கள் காதில் கல் பதித்த கடுக்கன் போட்டிருந்தார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கின் குரோமியப் பாகங்களைத் துணியால் தேய்த்துக்கொண்டிருப்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். பறவைக் கதையைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஐரோப்பாவில் திருட்டுப் பட்டம் சுமக்கிற பறவை, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு வைத்த உணவுக்குப் பக்கத்தில் மின்னும் திருகாணிகளையும் அலுமினியத் தாளையும் வைத்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. 64 சோதனைகளில் இரண்டே முறைதான் பறவை மின்னும் பொருளை எடுத்தது, எடுத்த வேகத்தில் கீழேயும் போட்டுவிட்டது. மற்ற நேரங்களில் அந்தப் பொருள்களைக் கண்டு தயங்கி, வழக்கத்தைவிடக் குறைவாகவே தின்றது.

தண்ணீர், விலை என்ற மற்ற இரண்டு பதில்களிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் "இழுக்கிறது" என்று நாம் சொல்லும்போது இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். கண் தன்னால் அந்தப் பக்கம் திரும்புகிறது, இது கவனம். திரும்பிப் பார்த்தது பிடித்துப்போகிறது, இது விருப்பம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் இத்தனை அரைகுறைப் பதில்கள் உலவுகின்றன. முதலில் ஒளி என்ன செய்கிறது என்று பார்ப்போம். அப்புறம் கண். கடைசியில் ஆசை.

## பளபளப்பு எங்கே இருக்கிறது?

ஒரு ரப்பர் பந்தை வழவழப்பான சிமெண்ட் தரையில் சாய்வாக எறியுங்கள். எந்தச் சாய்வில் போனதோ அதே சாய்வில் மறுபக்கம் எழும்பும். அது எங்கே வரும் என்று தெரிந்து முன்கூட்டியே கை நீட்டிவிடலாம். அதே பந்தைச் சரளைக்கல் குவியலில் எறிந்தால், எந்தக் கல்லின் எந்த முகத்தில் பட்டதோ அதைப் பொறுத்து ஏதோ ஒரு திசையில் தெறிக்கும். ஒளியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. வழவழப்பான பரப்பில் பட்டு ஒரே திசையில் சேர்ந்தாற்போல் திரும்பினால் அது ஒழுங்கான எதிரொளிப்பு. கரடுமுரடான பரப்பில் பட்டு நாலாபக்கமும் சிதறினால் ஒழுங்கற்ற எதிரொளிப்பு.

எது வழவழப்பு என்பதைக் கை முடிவு செய்வதில்லை, ஒளிதான் முடிவு செய்கிறது. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மேடுபள்ளங்கள் அதைவிடச் சின்னதாக இருந்தால்தான் ஒளிக்கு அது வழவழப்பு. தடவினால் நைஸாக இருக்கும் மண்பானையும் ஒளிக்குச் சரளைமேடுதான்.

ஒரு பழைய பித்தளைச் சொம்பை எடுத்துக்கொள்வோம். புளி போட்டுத் தேய்க்கும்போது புளியின் அமிலம் மேலே படிந்திருந்த மங்கலான ஆக்ஸைடு படலத்தைக் கரைத்துவிடுகிறது. கழுவித் துடைத்து ஜன்னலோரம் வைத்தால், சொம்பின் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு தெரியும். உற்றுப் பார்த்தால் அது அந்த ஜன்னலேதான். வளைந்து, குறுகி, கம்பிகள்கூடத் தெரியும்படி. இந்த வெள்ளைத் திட்டை இனி ஒளிப்பொட்டு என்று சொல்கிறேன். மூளை பளபளப்பை முடிவு செய்வதற்கு முக்கியமான தடயம் இதுதான்.

ஒளிப்பொட்டு சொம்பின்மேல் ஒட்டியிருக்கும் அடையாளம் இல்லை. தலையை இடதுபக்கம் சாய்த்தால் சொம்பில் இருக்கும் கீறல் அதே இடத்தில் இருக்கும், ஒளிப்பொட்டு மட்டும் வழுக்கிக்கொண்டு நகரும். அதே இடத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். நிறமும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும், அது நகராது என்பதால் கண் உடனே "இது சுண்ணாம்பு" என்று கண்டுகொள்ளும்.

இன்னொரு தடயமும் உண்டு. நம் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் இரண்டும் ஒளிப்பொட்டைச் சற்றே வேறு வேறு இடத்தில் பார்க்கின்றன. மூளை அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு, குவிந்த சொம்பின் ஒளிப்பொட்டு பித்தளைப் பரப்புக்குச் சற்றுப் பின்னால், உள்ளே இருப்பதாகக் காட்டுகிறது. 1990இல் ஆண்ட்ரூ பிளேக், ஹைன்ரிச் புல்தாஃப் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். குவிந்த பரப்பின் படத்தில் ஒளிப்பொட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, பரப்பு எப்போது பளபளப்பாகத் தெரிகிறது என்று பார்வையாளர்களிடமே கேட்டார்கள். அவர்கள் அதைப் பரப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். இயற்பியல் சொல்வதும் அந்தப் பக்கம்தான். எதிரொளிப்பு விதியை வாழ்நாளில் படிக்காதவரின் மூளையிலும் அந்த விதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்தத் திறமை பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை. ஜப்பானில் கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. 3, 4 மாதக் குழந்தைகள் ஒளி மாறுவதால் படத்தில் ஏற்படும் நுணுக்கமான வேறுபாடுகளைக் கண்டுகொண்டார்கள். பெரியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் வேறுபாடுகள் அவை. பளபளப்பான பொருள், மங்கலான பொருள் என்று பிரித்தறியும் திறமை 7, 8 மாதத்தில்தான் வந்தது. இடையில் பழைய நுணுக்கம் போய்விட்டது. வெளிச்சத்தைப் பார்ப்பதை விட்டுப் பொருளைப் பார்க்கக் குழந்தை பழகிக்கொள்கிறது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: வழவழப்பான பரப்பு, சுற்றியுள்ள வெளிச்சத்தின் பிம்பத்தை ஒளிப்பொட்டாகக் காட்டுகிறது. நாம் அசைந்தால் அந்தப் பொட்டும் நகர்கிறது. மூளை அதைப் பார்த்து "பளபளப்பு" என்கிறது.

## மினுக்கம்: ஒளிப்பொட்டு தோன்றி மறையும்போது

சொம்பில் இருப்பது பளபளப்பு. ஒளிப்பொட்டு அங்கேயே இருந்துகொண்டு மெதுவாக நகர்கிறது. வைர மூக்குத்தியில் நடப்பது வேறு. அங்கே ஒளிப்பொட்டுகள் பொசுக்கென்று தோன்றி, அடுத்த கணம் காணாமல் போய், பக்கத்தில் இன்னொன்று தோன்றுகிறது. இதைத்தான் மினுக்கம் என்கிறேன்.

வைரத்துக்கு இது ஏன் இவ்வளவு நன்றாக வருகிறது? ஒரு பொருளுக்குள் போகும்போது ஒளி எந்த அளவுக்கு வேகம் குறைகிறது என்பதைச் சொல்லும் எண், ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5, வைரத்துக்கு 2.42. இந்த எண் கூடக்கூட, உள்ளே போன ஒளி வெளியே வர வழி குறுகிக்கொண்டே போகும். ஓர் எல்லைக் கோணத்தைத் தாண்டிச் சாய்வாகப் பட்டால் ஒளி வெளியேறவே முடியாமல் முழுவதும் உள்பக்கமே திரும்பிவிடும். இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். கண்ணாடிக்கு அந்த எல்லை சுமார் 42 பாகை. வைரத்துக்கோ 24 பாகையை ஒட்டித்தான். அதனால் சரியாகப் பட்டை தீட்டிய வைரத்தில், மேலே நுழைந்த ஒளி அடியிலுள்ள சாய்ந்த பட்டைகளில் மோதித் திரும்பி மேல்பக்கமாகவே வெளியே வருகிறது. எந்தச் சாய்வில் தீட்டினால் அதிக ஒளி திரும்பும் என்று மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்கிட்டு எழுதினார். இன்றைய வட்ட வைரங்களின் அளவுகளுக்கு அந்தக் கணக்குதான் அடிப்படை. அப்படிப்பட்ட கல்லில் 57 பட்டைகள் இருக்கும், அடிநுனியிலும் ஒரு சின்னப் பட்டை வைத்தால் 58.

ஒவ்வொரு பட்டையும் ஒரு சின்னக் கண்ணாடி. ஒரு கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் அதிலிருந்து திரும்பும் ஒளி இரண்டு பாகை திரும்பும். ஆக, பேசும்போது மூக்கு லேசாக அசைந்தாலே போதும். ஒரு பட்டையின் ஒளி எதிரே இருப்பவரின் கண்ணைத் தொட்டுவிட்டு விலகிப்போகும், இன்னொரு பட்டையின் ஒளி வந்து சேரும். பல நேரம் இடது கண்ணுக்குக் கிடைத்த பளிச்சிடல் வலது கண்ணுக்குக் கிடைக்காது. ஒரே இடம் ஒரு கண்ணுக்கு வெளிச்சமாகவும் மறு கண்ணுக்கு இருட்டாகவும் தெரிந்தால் மூளையால் இரண்டையும் சமரசம் செய்ய முடியாது. அந்தத் தடுமாற்றமே ஒரு தனி மினுமினுப்பாக நமக்குத் தெரிகிறது. ஜெர்மன் இயற்பியலர் டோவ் இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார். ஒரு கண்ணால் மட்டும் பார்த்தால் வைரம் கொஞ்சம் சோர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

இதே வேலையைக் காஞ்சிபுரத்துச் சரிகை வேறு வழியில் செய்கிறது. அசல் சரிகை என்பது ஒரு பட்டு நூல், வழக்கமாகச் சிவப்பு. அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுகிறார்கள். சரிகையைச் சுரண்டிப் பார்த்து உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பெரியவர்கள் பார்ப்பது இதனால்தான். அந்த வெள்ளிப் பட்டை நூலைச் சுற்றிச் சுற்றி வருவதால், ஒரு விரலகல ஜரிகைக் கரையிலும் எண்ணற்ற குட்டி வளைவுக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மயிரிழை வேறான கோணத்தில். நடக்கும்போது கொசுவம் அசைய அசைய ஒளி ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு ஓடுகிறது. கடையில் மடித்து அடுக்கி வைத்திருக்கும்போது சாதாரணமாகத் தெரியும் புடவை, உடுத்தி நடந்ததும் உயிர்பெறுவதற்குக் காரணம் இந்த ஓட்டம்.

## கண் ஏன் தானாகத் திரும்புகிறது?

கண் ஒரு கேமரா மாதிரி எல்லா இடத்திலும் எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து அனுப்புவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் படலத்துக்கு விழித்திரை என்று பெயர். அதிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பணுக்கள் பெரும்பாலும் ஒப்பீட்டைத்தான் அனுப்புகின்றன. நடுவில் இருப்பதற்கும் அதைச் சுற்றி இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? ஸ்டீபன் கஃப்ளர் 1953இல் பூனையின் விழித்திரையில் இதைத் தெளிவாகக் காட்டினார். எங்கும் சீராக வெளிச்சம் விழுந்தால் இந்த அணுக்கள் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. இருட்டுக்கு நடுவே சின்ன வெளிச்சப் பொட்டு விழுந்தால் படபடவென்று செய்தி அனுப்புகின்றன.

இன்னொரு குணம், மாறாததைக் கண் மறந்துவிடும். ஒரு புள்ளியையே அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரத்தில் இருக்கும் மங்கலான திட்டுகள் சில நொடிகளில் மறைந்துபோகும். இதை டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் 1804இல் எழுதி வைத்தார். யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மாறாக, ஓரத்தில் ஏதாவது திடீரென்று மாறினால் கண் அங்கே பாய்ந்துவிடும். நடுமூளையில் இருக்கும் ஒரு சிறு பகுதி, நாம் யோசித்து முடிவெடுப்பதற்கு முன்பே கண்ணையும் தலையையும் அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. புதர் அசைந்தால் திரும்பிப் பார்த்த உயிர்தான் பிழைத்தது. அதனால் மிகப் பழைய ஏற்பாடு இது. மீனுக்கும் தவளைக்கும்கூட உண்டு.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மினுக்கம் என்பது சின்னது, சுற்றுப்புறத்தைவிட மிகப் பிரகாசமானது, நொடிக்கு நொடி மாறுவது. விழித்திரை எதற்கெல்லாம் துடிக்குமோ அவை எல்லாம் ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கின்றன. கண் திரும்பாமல் என்ன செய்யும்?

இதில் விருப்பத்துக்கு இன்னும் இடமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் விளக்கும் இதே காரணத்தால்தான் கண்ணை இழுக்கிறது, அதை யாரும் அழகென்று ரசிப்பதில்லை. உயிர்காப்புப் படகில் வைக்கும் சைகைக் கண்ணாடி, சூரியனைத் திருப்பி விமானியின் கண்ணில் ஒரு பொறியை விழவைப்பதற்காகத்தான். மினுக்கத்தின் முதல் வேலை திரும்பிப் பார்க்க வைப்பது. அது கட்டளை, ஆசையில்லை.

## கருவறையில் இதைப் பார்க்கலாம்

ஒளி, அசைவு, இருட்டு மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பார்க்க நம் ஊரில் கோயில் கருவறையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கருவறை இருட்டு. உள்ளே எரிவது எண்ணெய் விளக்குகள், சின்னச் சின்னச் சுடர்கள். சுடர் சின்னதாக இருக்க இருக்க அதன் ஒளிப்பொட்டும் கூர்மையாக இருக்கும். குழல்விளக்கு மாதிரி அகலமான வெளிச்சத்தில் ஒளிப்பொட்டு பரந்து மங்கிவிடும். எண்ணெய்க்காப்பு பூண்ட கருங்கல் மேனியோ கறுப்பு. கறுப்பில் சிதறி வரும் ஒளி குறைவு என்பதால் ஒளிப்பொட்டு மட்டும் தனித்துத் தெறிக்கும்.

அப்புறம் தீபாராதனை. சொம்பைப் பார்க்கும்போது நாம் தலையை அசைத்தோம், ஒளிப்பொட்டு நகர்ந்தது. இங்கே நாம் கைகூப்பி அசையாமல் நிற்கிறோம், அர்ச்சகர் கையில் இருக்கும் விளக்கு அசைகிறது. விளக்கு மேலேறினால் கண்மலரில், கிரீடத்துக் கல்லில், கவசத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் உள்ள ஒளிப்பொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்கின்றன. அசையாத கல்லும் பொன்னும் அந்தக் கணத்தில் உயிரோடு இருப்பதாகத் தோன்றுவது பக்தரின் கற்பனை மட்டும் இல்லை. கண்ணுக்கு உண்மையிலேயே அசைவு கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு ஒளியின் குணம் அனுபவத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். கன்னியாகுமரி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் திசைமாறின என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனாலும் இருட்டில் ஒரு சுடரும் ஒரு கல்லும் சேர்ந்தால் பார்வையை எவ்வளவு பிடித்து நிறுத்தும் என்று அந்தக் கதையைச் சொன்னவர்கள் கண்டிருக்கிறார்கள்.

சுருக்கமாக: கவனம் என்ற முதல் பாதிக்கு விடை கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. சின்ன, பிரகாசமான, மாறிக்கொண்டிருக்கும் ஒளியைக் கண்ணால் புறக்கணிக்க முடியாது.

## பிடித்துப்போவது எதனால்? தண்ணீர்க் கதை

இங்கிருந்து விடைகளின் உறுதி கொஞ்சம் குறைகிறது. மனிதருக்குப் பளபளப்பு ஏன் பிடிக்கிறது என்பதற்கு அதிகம் பேசப்படும் விளக்கம் தண்ணீர். காட்டில், புல்வெளியில் தண்ணீர்தான் பெரிய அளவில் பளபளப்பது. தூரத்தில் மினுங்குவதைக் கண்டு அதை நோக்கி நடந்தவர் பிழைத்தார். அவருடைய வாரிசுகள் நாம் என்பது வாதம்.

அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்து உளவியலர் ரிச்சர்ட் காஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில் 7 மாதத்திலிருந்து 24 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் பளபளப்பான தட்டையும் மங்கலான தட்டையும் கொடுத்தார்கள். பளபளப்பானதைத்தான் அதிகமாக வாயில் வைத்தார்கள். தங்கத்தின் விலை தெரியாத வயது அது. 2014இல் வெளியான வேறோர் ஆய்வில், தண்ணீர் கொடுக்காமல் உலர்ந்த பிஸ்கட் தின்னவைத்துத் தாகம் ஏற்படுத்தினார்கள். தாகம் எடுத்தவர்களுக்குப் பளபளப்பான தாளில் அச்சிட்ட படங்கள் கூடுதலாகப் பிடித்தன.

பூச்சிகளிடம் இது இன்னும் உறுதியாகத் தெரிகிறது. தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெருமளவு கிடைமட்டமாகவே இருக்கும். இப்படி அதிர்வு ஒரே தளத்தில் ஒழுங்குபட்டிருப்பது தளவிளைவு எனப்படும். நம் கண்ணுக்கு அது தெரியாது, பல நீர்ப்பூச்சிகளுக்குத் தெரியும். ஹங்கேரி ஆய்வாளர்கள் 1998இல் காட்டியபடி, மேஃபிளை என்ற பூச்சி மாலையில் தார்ச்சாலையை ஓடை என்று நினைத்து அதன்மேல் முட்டையிடுகிறது. முட்டைகள் காய்ந்து போகின்றன. கறுப்புக் கார், சோலார் பலகை எல்லாமே இப்படி ஏமாற்றுபவை. பளபளப்பைத் தண்ணீராக எடுத்துக்கொள்ளும் உயிர் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பூச்சிக்கு நிரூபணமானதை அப்படியே தூக்கி மனிதருக்கு ஒட்டவைக்க முடியாது. மனித ஆய்வுகள் ஒரு சாய்வைத்தான் காட்டுகின்றன. வைரத்தின்மேல் உள்ள ஆசை முழுவதும் தாகத்தின் மிச்சம் என்று சொல்ல அவை போதாது. அப்படிச் சொல்லிவிடுவது வசதியாக இருக்கிறது, அதனால்தான் பரவியும் விட்டது.

## எல்லாப் பளபளப்பும் பிடிப்பதில்லையே

தண்ணீர்க் கதைக்கு எதிராக நம் வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புகைப்படம் எடுக்கும் முன் நெற்றியில் மின்னும் எண்ணெய்ப் பசையை ஒற்றி எடுத்துப் பவுடர் போடுகிறோம். அதே முகத்தில் கண் மின்னினால் அழகு என்கிறோம். இரண்டும் ஈரம், இரண்டும் ஒளிப்பொட்டு. ஒன்று வேண்டாம், ஒன்று வேண்டும். ஏன்?

ஒளிப்பொட்டு எதைப் பற்றிச் சொல்கிறது என்பதை மூளை சேர்த்தே படிக்கிறது. மீன் வாங்கப் போனால் முதலில் கண்ணைப் பார்ப்போம். தெளிந்து, குவிந்து, கூர்மையான ஒளிப்பொட்டோடு இருந்தால் புது மீன். குழிந்து, பூத்துப்போய், வெள்ளையாக மங்கியிருந்தால் கைவைக்க மாட்டோம். கத்தரிக்காயின் தோல் இறுக்கமாகப் பளபளத்தால் பிஞ்சு, சுருங்கினால் ஒளிப்பொட்டும் உடைந்து சிதறும். இப்படி நாள்தோறும் பார்த்துப் பார்த்து, கூர்மையான ஒளிப்பொட்டை "புதிது, சுத்தம், நலம்" என்பதோடு சேர்த்துக்கொள்கிறோம். பழங்களுக்கு மெழுகு பூசி விற்பவர்களுக்கு இது தெரியும். நெற்றியின் பசை சொல்வதோ வெக்கையும் களைப்பும். பளபளப்பு ஒரு செய்தி, செய்தி நல்லதா கெட்டதா என்பது இடத்தைப் பொறுத்தது.

இந்த விருப்பத்துக்கு எவ்வளவு வயது? தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் கா-மொஹானா என்ற குன்றின் பாறைக் குடிலில் 22 கால்சைட் படிகங்கள் கிடைத்தன. சுமார் 1,05,000 ஆண்டுப் பழமை. அவற்றைக் கருவியாகப் பயன்படுத்திய தடயம் எதுவும் இல்லை, யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து சேர்த்தவை என்று 2021இல் அறிவித்தார்கள். சந்தையும் விலையும் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே ஒருவர் குனிந்து அந்தக் கற்களைப் பொறுக்கியிருக்கிறார். நம் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணலில் படிகக் கல்லையும் பச்சைக் கல்லையும் மணிகளாகத் தேய்த்துத் துளையிட்ட பட்டறைகளே கிடைத்திருக்கின்றன. அது மிகவும் பிந்திய காலம், அதற்குள் ஆசை தொழிலாகிவிட்டது.

## விலை எங்கிருந்து வருகிறது?

"விலை அதிகம், அதனால் பிடிக்கிறது" என்ற பதிலைச் சோதிக்க அலுமினியம் போதும். 1884இல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுச் சின்னத்தின் உச்சியில் வைக்க ஓர் உலோகம் தேடினார்கள். சுமார் 2.8 கிலோ எடையில் அலுமினியத்தில் ஒரு சின்னப் பிரமிடை வார்த்து வைத்தார்கள். அப்போது அலுமினியத்தின் விலை கிட்டத்தட்ட வெள்ளி விலை. அதைக் காட்சிக்கு வைத்தபோது மக்கள் கூடிப் பார்த்தார்கள். 1886இல் மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் முறையை ஹால், ஹெரூல்ட் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. இன்று அதே அலுமினியத்தைத் தாளாக்கிப் பரோட்டா சுற்றிக் கொடுக்கிறார்கள், பிரித்ததும் கசக்கி எறிகிறோம். பளபளப்பு அப்படியே இருக்கிறது, கண்ணில் படும் ஒளியின் அளவிலும் பெரிய குறையில்லை. மதிப்பு மட்டும் போய்விட்டது.

அமெரிக்கன் டயமண்ட் என்று நம் கடைகளில் சொல்லும் கல்லும் இதையே சொல்கிறது. வெள்ளை ஒளியை வானவில் நிறங்களாகப் பிரிக்கும் குணம் நிறப்பிரிகை. அது இந்தக் கல்லுக்கு வைரத்தைவிட அதிகம். திருச்சிப் பக்கம் வீடுகளில் பட்டை தீட்டிய செயற்கைக் கற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிறப்பொறி பறப்பதில் அவை எதற்கும் குறைந்தவை அல்ல. மினுக்கம்தான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் அமெரிக்கன் டயமண்ட் வைரத்தைவிட விலை போக வேண்டும்.

ஆக, விலையால் வருவது ஆசையின் ஒரு பகுதிதான். அரிதானது, கிடைக்காதது, யார் அணிகிறார்கள் என்பதெல்லாம் பளபளப்பின்மேல் நாம் ஏற்றி வைத்தவை. தங்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு நியாயம் உண்டு. வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து கறுக்கும், பித்தளைக்கு அடிக்கடி புளி வேண்டும். தங்கம் காற்றோடும் தண்ணீரோடும் வினைபுரிவதில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு மண்ணுக்குள் கிடந்த பொன் நெற்றிப்பட்டம் வெளியே எடுத்தபோதும் பொன்னாகவே இருந்தது. மங்காத ஒளிப்பொட்டைத் தரும் ஒரே பழைய உலோகம் என்று அதைச் சேமிப்பாக வைத்துக்கொண்டவர்கள் கண்ணை மட்டும் நம்பி அப்படிச் செய்யவில்லை.

## கடையில் நிற்கும்போது

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் நகைக்கடையில் ஒரு விஷயம் உடனே புரியும். கூரையில் அகலமான விளக்கு ஒன்று போதாதா, எதற்கு இத்தனை குட்டிக் குட்டி எல்இடி விளக்குகள்? ஒவ்வொரு குட்டி விளக்கும் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு கூர்மையான ஒளிப்பொட்டு. கல் ஒன்று, விளக்கு ஐம்பது, கையை லேசாகத் திருப்பினாலே பொறி பறக்கும். கறுப்பு வெல்வெட் தட்டு கருவறையின் இருட்டைப்போல் பின்னணியை அடக்கிவிடுகிறது. அங்கே எந்தக் கல்லும் அழகாகத்தான் தெரியும், சுமாராகத் தீட்டிய கல் உட்பட.

கல்லை வாங்குவதாக இருந்தால் அதைக் கடைவாசலுக்குக் கொண்டுபோய், வெயில் நேராகப் படாத நிழலில், பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேளுங்கள். பரந்த வெளிச்சத்தில் மினுக்கம் அடங்கிவிடும். அப்போதும் கல்லின் மேல்முகம் முழுக்க வெளிச்சம் திரும்பி வந்தால் பட்டை நன்றாகத் தீட்டியிருக்கிறார்கள். நடுவில் கண்ணாடி ஜன்னல்போல் ஓட்டையாக, கீழே இருக்கும் விரல் தெரிந்தால், உள்ளே போன ஒளி அடிவழியாக ஒழுகிப்போகிறது என்று பொருள். பட்டுப்புடவை என்றால் மேசைமேல் விரித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். முந்தானையைத் தோளில் போட்டு, ஜன்னலை நோக்கி நாலு அடி நடந்து பாருங்கள்.